கடைசிக் கட்டம்

"வினை விதைத்தவன் வினை அறுப்பான்" என்று நம் முன்னோர் சுருங்கச் சொல்லி வைத்தனர். எஸ்தர் நூலை வாசித்தவர்களுக்கு ஆமானின் முடிவு நினைவிருக்கும். மொர்தக்காயைக் கொல்வதற்கென்று உயர்ந்த தூக்குமரம் ஒன்றை நாட்டினான் ஆமான். முடிவில் அம்மரத்திலேயே அவன் தூக்கிலிடப்பட்டான். அவனைத் தண்டிக்க வானிலிருந்து நெருப்பு இறங்கவில்லை. அவன் பிறனுக்கென்று செய்து வைத்த கருவியே அவனுக்காகக் காத்திருந்தது. இவ்வகை முடிவை இலக்கிய ஆய்வாளர் முரண்நகை என்பர். கெடுதலை நினைத்தவன் அக்கெடுதலிலேயே சிக்கும் கதையைக் கேட்டு மகிழாத நாடும் இல்லை, காலமும் இல்லை.

இந்தப் பழைய உண்மையைப் பத்து சென்ட் விலையுள்ள வண்ணப் படக்கதைகளாக்கி, 1950 முதல் 1955 வரை நியூயார்க் நகரில் ஒரு சிறிய பதிப்பகம் விற்றது. ஈ.சி. காமிக்ஸ் என்பது அதன் பெயர். அதன் குற்றக் கதைகள் எதிர்பாராத முடிவுகளுக்குப் பேர்பெற்றவை. அந்தப் பதிப்பகத்தின் வரலாற்றுக்கும் அப்படியொரு முடிவு வாய்த்தது. அவ்வரலாற்றில் பெற்றோர், மருத்துவர், ஆட்சியாளர் ஆகியோருடன் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் ஓர் இடம் உண்டு. ஆகவே அது நாமும் அறிந்துகொள்ளத் தக்கது.

தந்தையும் மகனும்

பதிப்பகத்தைத் தொடங்கியவர் மாக்ஸ் கெயின்ஸ். அமெரிக்காவில் படக்கதை இதழ்கள் தோன்றி வளர்ந்த காலத்திலேயே அத்தொழிலில் முன்னின்றவர். விவிலிய வரலாற்றைப் படக்கதையாகச் சிறுவர்க்குத் தர வேண்டும் என்பது அவர் விருப்பம். பழைய ஏற்பாட்டையும் புதிய ஏற்பாட்டையும் அவ்வாறே வெளியிட்டார். தம் பதிப்பகத்திற்குக் கல்விப் படக்கதை என்னும் பொருள்பட 'எஜுகேஷனல் காமிக்ஸ்' என்று பெயரிட்டார். 1947 ஆகஸ்டில் ஏரியொன்றில் நேர்ந்த படகு விபத்தில் அவர் உயிரிழந்தார்.

அவர் மகன் வில்லியம் கெயின்ஸுக்கு அப்போது வயது 25. வேதியியல் ஆசிரியராகும் எண்ணத்தோடு படித்துக்கொண்டிருந்தவர், மனமின்றியே தந்தையின் தொழிலை ஏற்றார். சுருக்கப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் விரிவை மட்டும் 'எண்டர்டெயினிங் காமிக்ஸ்' என்று மாற்றினார். கல்வி போய்க் கேளிக்கை வந்தது. 1948இல் ஆல் ஃபெல்ட்ஸ்டைன் என்னும் ஓவியர் அவரிடம் வந்து சேர்ந்தார். இருவரும் முதலில் சந்தையில் விற்றவற்றையே தாமும் வெளியிட்டனர்.

சந்தையில் அன்று அமோகமாக விற்றவற்றுள் குற்றக் கதைகளும் அடங்கும். 1942இல் தொடங்கிய 'கிரைம் டஸ் நாட் பே' என்னும் இதழ் அவற்றிற்கு வழிகாட்டி. குற்றம் பலன் தராது என்பது அப்பெயரின் பொருள். ஆயினும் கதையின் பெரும்பகுதியில் கொள்ளையன் காரிலும் மாளிகையிலும் களிப்பதையே காட்டுவர்; கடைசியில் மட்டும் காவலரின் குண்டு அவனை வீழ்த்தும். அறம் அங்கே கதையினுள் விளைந்ததன்று, முடிவில் ஒட்டப்பட்டது.

1950இல் கெயின்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் வேறு பாதையில் இறங்கினர். திகில் கதைகளுக்கும் அறிவியல் புனைகதைகளுக்கும் தனித்தனி இதழ்கள் கண்டனர். அவ்வாண்டின் இறுதியில் 'கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' என்னும் குற்றக் கதை இதழும் வெளிவந்தது. 1955 தொடக்கம் வரை அதில் 27 இதழ்கள் வந்தன.

கதை பிறந்த விதம்

அக்கதைகள் உருவான முறை விந்தையானது. உடல் எடையைக் குறைக்க கெயின்ஸ் உட்கொண்ட மருந்து அவருக்கு உறக்கத்தைக் கெடுத்தது. இரவெல்லாம் சிறுகதைகளை வாசித்துக் கதைக்கருக்களைக் குறித்து வைப்பார். காலையில் அவற்றுள் ஒன்றை ஃபெல்ட்ஸ்டைன் தேர்ந்தெடுத்து அன்றே ஆறு முதல் எட்டுப் பக்கக் கதையாக எழுதி முடிப்பார். ஓவியருக்குரிய தாளிலேயே நேரடியாக எழுதுவார். எழுத்துகள் முதலில் பொறிக்கப்படும். எஞ்சிய இடத்தில் ஓவியர் படம் வரைவார். ஆகவே அவ்விதழ்களில் படத்தைவிடச் சொல்லே மிகுந்திருந்தது. ஜானி கிரெய்க் என்னும் ஓவியர் மட்டும் தம் கதைகளைத் தாமே எழுதி வரைந்தார்.

இரவல் வாங்கிய கருக்கள் பல. 1952இல் எழுத்தாளர் ரே பிராட்பரியின் இரண்டு கதைகளை இணைத்து, அவர் அனுமதியின்றியே ஒரு படக்கதையாக வெளியிட்டனர். பிராட்பரி வழக்குத் தொடுக்கவில்லை. தமக்குச் சேர வேண்டிய தொகையை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலும் என்று பணிவாக ஒரு கடிதம் எழுதினார். தொகை உடனே சென்றது. அதன்பின் அவருடைய இசைவோடு பல கதைகள் படக்கதையாயின.

அவ்வாறு 1953இல் கிரெய்க் வரைந்த ஒரு கதையைச் சான்றாகக் கொள்வோம். ஒருவன் இன்னொருவனை அவனது வீட்டிலேயே கொன்றுவிடுகிறான். தன் கைரேகை எங்கே பதிந்திருக்குமோ என்ற அச்சம் அவனைப் பற்றுகிறது. தொட்ட பொருள்களைத் துடைக்கிறான். பிறகு தொடாதவற்றையும் துடைக்கிறான். சுவரைத் துடைக்கிறான், கிண்ணத்தின் அடியில் கிடந்த பழத்தையும் விட்டுவைக்கவில்லை. விடியும்போது காவலர் வருகின்றனர். அவன் எப்போதோ தப்பிப் போயிருக்கலாம். ஆனால் பரணில் கிடந்த பழம்பொருள்களை இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

இக்கதையில் காவலர்க்குத் திறமை ஏதும் தேவைப்படவில்லை. குற்றவாளியைச் சிறைப்பிடித்தது அவன் உள்ளமே. ஈ.சி. குற்றக் கதைகளின் இயல்பு இதுதான். அவற்றின் மாந்தர் கொள்ளைக் கூட்டத்தார் அல்லர். கணவன், மனைவி, வணிகப் பங்காளி, சொத்துக்குக் காத்திருக்கும் உறவினன் ஆகியோரே. பணத்தாசையும் முறைகெட்ட உறவும் கொலைக்குத் தூண்டும். திட்டம் நுட்பமாகத் தீட்டப்படும். அத்திட்டத்தின் ஒரு முனையே திரும்பி வந்து தீட்டியவனைக் குத்தும். பழைய குற்றக் கதைகளில் ஒட்டப்பட்டிருந்த அறம் இங்கே கதைக்குள்ளிருந்தே முளைத்தது.

திசை திரும்பிய அம்பு

1952இல் 'ஷாக் சஸ்பென்ஸ்டோரீஸ்' என்னும் இதழ் தொடங்கியபோது இந்த உத்தி புதிய இலக்கை நாடியது. இதுவரை தண்டனை பெற்றவன் கொலைகாரன். அதைப் பார்த்து வாசகன் நிம்மதியாக இருந்தான். அவன் வேறு, தான் வேறு. இனி அந்த நிம்மதிக்கு இடமில்லாமல் போயிற்று.

அவ்விதழின் இரண்டாம் வெளியீட்டில் 'தேசபக்தர்கள்' என்னும் பொருள் தரும் தலைப்பில் ஒரு கதை வந்தது. கொரியப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் தெருவில் அணிவகுத்து வருகின்றனர். கொடி கடந்து செல்லும்போது ஒருவன் மட்டும் தொப்பியைக் கழற்றவில்லை. அவன் முகத்திலோ ஏளனம் தெரிகிறது. கம்யூனிஸ்ட் என்று கூட்டம் கொதித்தெழுந்து அவனை அடித்தே கொல்கிறது. அப்போது மனைவி ஓடி வருகிறாள். அவன் போரில் பார்வையிழந்த வீரன். சிதைந்த முகத்தைச் சீரமைத்த அறுவை மருத்துவம் விட்டுச்சென்ற கோணலே அந்த ஏளனம். அமெரிக்கா முழுவதும் அண்டை வீட்டாரை ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நாள்களில், செனட்டர் மெக்கார்த்தியின் குரல் ஓங்கியிருந்த காலத்தில், இக்கதை சிறுவர் கைகளில் தவழ்ந்தது.

1954இல் 'சாட்டையடி' என்னும் பொருளில் மற்றொரு கதை. தன் மகள் ஒரு மெக்சிக்க இளைஞனை விரும்புவதைப் பொறாத தந்தை, அக்கம்பக்கத்தாரைத் தூண்டி முகமூடிக் கூட்டமொன்றைத் திரட்டுகிறான். இருளில் அவ்விளைஞனின் வீட்டிலிருந்து ஓர் உருவத்தைப் போர்த்தி இழுத்து வந்து சாட்டையால் அடிக்கின்றனர். போர்வையை விலக்கியபோது இறந்து கிடந்தது அந்தத் தந்தையின் மகள்.

இவ்வரிசையில் சிறந்ததாகக் கருதப்படுவது 1955இல் 'இம்பாக்ட்' என்னும் இதழில் பெர்னார்ட் கிரிக்ஸ்டைன் வரைந்த கதை. சுரங்க ரயிலில் செல்லும் ஒருவன், எதிரே வந்து அமரும் மனிதனைக் கண்டு நடுங்குகிறான். பெல்சன் வதைமுகாமின் நினைவுகள் அவன் மனத்தில் எழுகின்றன. முகாமிலிருந்து தப்பிய யூதன் இவன் என்றே வாசகன் இரங்குகிறான். இறுதியில் தெரிகிறது, இவனே அம்முகாமின் தலைவன், வந்தவனே பிழைத்தவன். ஓடும்போது தவறித் தண்டவாளத்தில் விழுந்து மடிகிறான். பெல்சன் விடுவிக்கப்பட்டுப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்த வேளை அது. அக்கொடுமையைப் பற்றிப் பெரியவர்களே வாய்திறக்கத் தயங்கினர்.

இக்கதைகளில் திருப்பம் வாசகனுக்கே வைக்கப்பட்ட பொறி. கூட்டத்தோடு சேர்ந்து அவனும் தீர்ப்பிட்டுவிடுகிறான். கடைசிக் கட்டம் அவன் தீர்ப்பைத் திருப்பி அவன் முகத்திலேயே காட்டுகிறது.

பள்ளி முற்றத்தில் நெருப்பு

இனி மறுபக்கத்தைக் காண்போம். போருக்குப் பின் இளையோர் குற்றங்கள் பெருகுகின்றன என்ற அச்சம் அமெரிக்கப் பெற்றோரைப் பற்றியிருந்தது. மிட்டாய்க் கடைகளில் தொங்கிய குற்றக் கதைகளையும் அவற்றின் கோரமான அட்டைகளையும் கண்டு அவர்கள் கலங்கியதில் வியப்பில்லை. கத்தோலிக்க ஆயர்கள் தகாத வெளியீடுகளைக் கண்காணிக்க 1938இலேயே ஓர் அமைப்பை நிறுவியிருந்தனர். ஃபோர்ட் வேய்ன் மறைமாவட்ட ஆயர் ஜான் நோல் அதில் முன்னின்றார். காலப்போக்கில் படக்கதைகளும் அவ்வமைப்பின் பட்டியலில் இடம்பெற்றன.

1948 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர் என்னும் சிற்றூரில் பள்ளிச் சிறுவர் ஏறத்தாழ 2000 படக்கதை இதழ்களைக் குவித்துத் தீயிட்டனர். டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில், புனித பேட்ரிக் பெயரால் அமைந்த கத்தோலிக்கப் பள்ளியின் மாணவர் வீடு வீடாகச் சென்று இதழ்களைத் திரட்டிப் பள்ளி முற்றத்திலேயே எரித்தனர். அந்தப் படம் நாடு முழுவதும் பரவியது. பிற ஊர்களும் பின்பற்றின. பெர்லினில் நாசிகள் நூல்களை எரித்து அப்போது 15 ஆண்டுகளே ஆகியிருந்தன.

ஈ.சி.யின் புதிய இதழ்கள் அந்த நெருப்பில் வேகவில்லை. அவை 1950க்குப் பின் வந்தவை. ஆனால் அந்நெருப்பு மூட்டிய மனநிலை அவற்றிற்காகக் காத்திருந்தது. எரித்த சிறுவர் தீயவர் அல்லர். நல்லது செய்கிறோம் என்று உளமாற நம்பினர். ஒரு கதையை எவ்வாறு எடைபோடுவது என்பதை யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை, தீக்குச்சியைத்தான் கொடுத்தனர்.

மருத்துவரும் பதிப்பாளரும்

இயக்கத்திற்கு அறிவுலகின் குரலாக விளங்கியவர் ஃப்ரெட்ரிக் வெர்தம் என்னும் மனநல மருத்துவர். இவரைக் கதைகளின் பகைவர் என்று மட்டும் எண்ணுவது நேர்மையன்று. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த ஒரு கோயிலின் கீழ்த்தளத்தில் 1946இல் மனநல மருத்துவமனை தொடங்கியவர் அவர். கட்டணம் 25 சென்ட். இனவாரியாகப் பிரிக்கப்பட்ட பள்ளிகள் குழந்தைகளின் மனத்தைப் புண்படுத்துகின்றன என்று டெலவேர் மாநில வழக்கில் சான்றளித்தார். அப்பிரிவினையை 1954 மே மாதம் உச்ச நீதிமன்றம் தகர்த்தபோது, அத்தீர்ப்பில் அடங்கிய வழக்குகளுள் டெலவேர் வழக்கும் ஒன்று.

அதே 1954இல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. சிறுவரைக் கெடுப்பவை படக்கதைகளே என்பது அதன் வாதம். ஏப்ரல் 21ஆம் நாள் நியூயார்க் நீதிமன்றக் கட்டடத்தில் செனட் துணைக்குழுவின் விசாரணை தொடங்கியது. வெர்தமும் கெயின்ஸும் ஒரே நாளில் சான்றளித்தனர். 'சாட்டையடி' கதையைச் சுட்டி, அதில் ஸ்பானிய வழியினரை இழிக்கும் சொல் பலமுறை வருவதால் இனவெறுப்பை ஊட்டுகிறது என்றார் வெர்தம். கெயின்ஸ் மறுத்தார், இனவெறுப்பு என்னவாக முடியும் என்று காட்டுவதே கதை, இழிசொல்லைப் பேசுவோரே அதில் குற்றவாளிகள் என்றார். இதில் உண்மை கெயின்ஸ் பக்கமே இருந்தது. இனப் பிரிவினையை எதிர்த்துப் போராடிய ஒருவர், அதே போராட்டத்தில் தம் பக்கம் நின்ற கதையை அடையாளம் காணவில்லை. கடைசிக் கட்டத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. செனட்டர் எஸ்டெஸ் கீஃபாவர் 'கிரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்' 22ஆம் இதழை உயர்த்திப் பிடித்தார். கிரெய்க் வரைந்த அட்டையில், ஒரு கையில் கோடரியும் மறுகையில் பெண்ணின் வெட்டுண்ட தலையுமாக ஒருவன் நின்றான். இது நல்ல ரசனைதானா என்று கேட்டார் செனட்டர். திகில் இதழின் அட்டைக்கு இது நல்ல ரசனையே என்றார் கெயின்ஸ். தலையை இன்னும் உயர்த்தி, கழுத்திலிருந்து குருதி சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் கெட்ட ரசனை என்று விளக்கமும் தந்தார். மறுநாள் அது செய்தித்தாளின் முதற்பக்கத்தில் வந்தது. அவர் தொழில் அன்றே வீழ்ந்தது எனலாம்.

இருவர் தவறும் ஒன்றுக்கொன்று எதிரானது. வெர்தம் கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணினார். கெயின்ஸோ, கடைசிக் கட்டம் அறத்தைச் சொல்லிவிட்டால் அதற்கு முந்தியவை எவ்வளவு கோரமாயினும் நியாயமாகிவிடும் என்று கருதினார். அட்டைக்குக் கடைசிக் கட்டம் கிடையாது. கடை வாசலில் அதைக் காணும் எட்டு வயதுக் குழந்தை கதையின் நீதியை அறியாது, தலையைத்தான் காணும்.

விதிகளும் விளைவும்

அரசு சட்டம் இயற்றுமுன் பதிப்பாளர்களே 1954 அக்டோபரில் ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டனர். குற்றவாளிமீது இரக்கம் பிறக்கச் செய்யலாகாது. நன்மை எப்போதும் வெல்ல வேண்டும். காவலர், நீதிபதி, அரசு அலுவலர் ஆகியோர்மீது மதிப்புக் குறையும்படி சித்திரிக்கலாகாது என்பன அதன் விதிகளுட்சில. பார்க்க நல்ல விதிகளே. ஆயினும் கூட்டம் தவறிழைக்கும் கதைக்கும், மதிப்புக்குரியவன் மகளைக் கொல்லும் கதைக்கும் அங்கே இடமில்லை. கெயின்ஸ் தம் திகில், குற்ற இதழ்களை நிறுத்தினார். நெருப்பு வேறு நாடுகளிலும் எதிரொலித்தது. 1955இல் பிரிட்டனும், 1956இல் நம் இந்திய நாடாளுமன்றமும் இளையோர்க்குத் தீங்கான வெளியீடுகளைத் தடுக்கச் சட்டம் இயற்றின.

ஈ.சி. 1953இல் வெளியிட்ட ஓர் அறிவியல் கதையை மறுபதிப்புச் செய்ய முனைந்தபோது நெறிமுறையின் உண்மை முகம் வெளிப்பட்டது. ஆரஞ்சு நிற இயந்திர மனிதர் நீல நிறத்தாரை ஒதுக்கி வைத்திருக்கும் கோளத்திற்குப் பூமியிலிருந்து ஒருவர் ஆய்வு செய்ய வருகிறார். இன்னும் நீங்கள் தகுதி பெறவில்லை என்று சொல்லித் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பின மனிதர். அவர் கறுப்பினத்தவராக இருக்கலாகாது என்றார் நெறிமுறை அலுவலர். அப்படியொரு விதி எங்குமில்லை. கெயின்ஸும் ஃபெல்ட்ஸ்டைனும் பணிய மறுத்தனர்; கதை மாற்றமின்றி வந்தது. 1956 தொடக்கத்தில் வந்த அவ்விதழே ஈ.சி.யின் இறுதிப் படக்கதை இதழ். 'மேட்' என்னும் நகைச்சுவை இதழ் மட்டும் வேறு வடிவில் தொடர்ந்து கெயின்ஸை வாழ வைத்தது. அவர் 1992இல் காலமானார். வெர்தமின் ஆவணங்கள் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டபின், தம் நூலுக்காக அவர் சிறுவர்களின் வாக்குமூலங்களைத் திரித்திருந்ததை 2012இல் கேரல் டில்லி என்னும் பேராசிரியை வெளிப்படுத்தினார். நெறிமுறையோ அதற்கு முந்திய ஆண்டிலேயே முற்றிலும் கைவிடப்பட்டிருந்தது.

மறைந்திருந்த முகம்

இவ்வரலாற்றின் கடைசிக் கட்டம் நம் பள்ளிகளில் நிகழ்ந்தது. தீய படக்கதைகளை எரிப்பதோடு நில்லாமல் நல்ல படக்கதைகளைத் தர வேண்டும் என்று எண்ணியவர்களும் கத்தோலிக்கரிடையே இருந்தனர். 1946 முதல் 1972 வரை ஓஹையோ மாநிலத்தின் டேய்ட்டன் நகரிலிருந்து 'ட்ரஷர் செஸ்ட்' என்னும் இதழ் பங்குப் பள்ளி மாணவர்க்கென்று வெளிவந்தது. ஈ.சி.யில் குற்றக் கதைகள் வரைந்த ரீட் கிராண்டல் பின்னாளில் அவ்விதழுக்குப் படம் வரைந்தார்.

1964இல் அதில் ஒரு தொடர் வந்தது. 1976ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் பதவிக்கு முயலும் பெட்டிகுரூ என்பவரின் கதை. அவர் நல்லவர், திறமையாளர், வீரர் என்று மாணவர் மாதக்கணக்கில் வாசித்தனர். ஆனால் எந்தப் படத்திலும் அவர் முகம் தெரியாது. ஒருமுறை யாரோ மறைப்பர், மறுமுறை பின்புறம் காட்டுவர். கடைசிக் கட்டத்தில் முகம் வெளிப்பட்டது. அவர் கறுப்பின மனிதர். குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், எந்த உத்திக்காக ஈ.சி. நெறிமுறையாளரோடு போராடியதோ அதே உத்தி, கத்தோலிக்கச் சிறுவர் கைகளில் ஆசிரியர்களாலேயே கொடுக்கப்பட்டது. அதில் வெட்டுண்ட தலையும் இல்லை, குருதியும் இல்லை.

நம் வீடுகளில் இன்று குழந்தைகள் காண்பவை பத்து சென்ட் இதழ்கள் அல்ல. கைபேசியில் ஓயாது ஓடும் காட்சிகள். பெற்றோரின் கலக்கம் நியாயமானது. அவற்றை மூடி வைப்பது சில வேளை கடமையும் ஆகலாம். ஆனால் முடிவுவரை உடனிருந்து பார்த்து, இது யாரை நல்லவன் என்கிறது, யாரை நகைக்கிறது, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பதற்குக் கூடுதலான அன்பு வேண்டும். பிங்காம்டன் பள்ளி முற்றத்தில் நின்ற சிறுவர்களிடம் ஒருவரேனும் அமர்ந்து அதைக் கேட்டிருக்கலாம். 1964இல் பெட்டிகுரூவின் முகத்தைக் கண்டு வியந்த சிறுவர்களுக்கு அந்த வாய்ப்பு அளிக்கப்பட்டது.